தேங்காயெண்ணெய் உறையும் ஊர்

கொடைக்கானலில் தேங்காயெண்ணெயை யாரும் ஊற்றுவதில்லை, தோண்டுவார்கள். கடையில் கேட்டால் கரண்டியால் பெயர்த்து, பொட்டலம் கட்டாத குறையாகக் கொடுப்பார்கள். தலைவார உட்காரும் பெண்கள் எண்ணெய்ப் புட்டியை அடுப்போரம் வைத்துவிட்டுத்தான் சிக்கெடுக்கவே தொடங்குவார்கள். மலையில் பிறந்தவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் கிடையாது. அதிசயம் இல்லாத விஷயத்தை யார் யோசித்துப் பார்க்கிறார்கள்? புஷ்பமேரியும் யோசித்துப் பார்க்கவில்லை. அதன் பலனை அவள் பழனியில் போய் அனுபவித்தாள்.

ஏரிக்கு மேலே மேட்டில் இருந்த ஒரு பங்களாவில் அவள் இருபத்துநான்கு வருடமாக வேலை பார்த்து வந்தாள். பங்களாவுக்குச் சொந்தக்காரி ஒரு வெள்ளைக்காரக் கிழவி. பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்து ஓய்ந்தவள், கல்யாணம் ஆகாதவள். ஊரே அவளை மிஸ்ஸம்மா என்றது. மிஸ்ஸம்மாவுக்குக் கடவுள் பக்தி உண்டு, அதற்கு அடுத்தபடி தரை பக்தி. சிவப்பு சிமெண்டு வராந்தா, மரத்தரைக் கூடம், சாப்பாட்டு மேஜை, ஜன்னல் விளிம்புக் கல் எல்லாம் முகம் பார்க்கிற மாதிரி மின்ன வேண்டும். வீட்டுக்குள் இருப்பவர்கள் காலுறையும் கான்வாஸ் செருப்பும் போட்டுக்கொள்ள வேண்டும். வேலைக்கு வந்த முதல் நாளே புஷ்பமேரிக்கும் ஒரு ஜோடி கிடைத்தது. அந்தக் குளிரில் யார் வேண்டாம் என்பார்கள்? அன்றைக்கு மூடின பாதம்தான், பிறகு குளிக்கும்போது மட்டுமே வெளியே வந்தது.

தரைக்குப் போடுகிற பாலிஷ் முன்னெல்லாம் சீமையிலிருந்து டப்பாவில் வந்துகொண்டிருந்தது. வெளிநாட்டுச் சாமான்களுக்குக் கெடுபிடி வந்தபிறகு அது நின்றுபோயிற்று. மிஸ்ஸம்மா இழவு விழுந்தவள் மாதிரி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் புஷ்பமேரி காலி டப்பாவை மோந்து மோந்து பார்த்தாள். அதில் தேன்மெழுகு வாசம் இருந்தது. தச்சுப் பட்டறைப் பக்கம் போனால் வருமே, அந்த டர்பன்டைன் வாசமும் இருந்தது. 'இவ்வளவுதானா உன் சீமைச் சமாச்சாரம்' என்று டப்பாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தேன் விற்பவர்களிடம் மெழுகு வாங்கி வந்தாள்.

வெந்நீர்ச் சட்டிக்குள் ஒரு தகர டப்பாவை நிறுத்தி மெழுகை உருக்குவாள். உருகியதும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவாள். அடுப்பு இருக்கிற இடத்தில் டர்பன்டைன் மூடியைத் திறந்தால் வீட்டோடு போக வேண்டியதுதான். தோட்டத்தில் வைத்து டர்பன்டைனை ஊற்றி, ஆறும்வரை குச்சியால் கிண்டுவாள். வாசத்துக்கு நாலு சொட்டு யூகலிப்டஸ் தைலம். எல்லாம் சரியாக வந்தது, ஒன்றைத் தவிர. மலைக் குளிரில் பாலிஷ் கல்லாக இறுகிவிட்டது, கரண்டி இறங்கவில்லை. அவள் கொஞ்சமும் தயங்காமல் ஒரு கட்டித் தேங்காயெண்ணெயைத் தோண்டிப் போட்டாள். மறுநாள் வெண்ணெய் மாதிரி வழித்தெடுக்க வந்தது. தரையில் பூசித் தேய்த்தால் காய்ந்து பளபளத்தது. மிஸ்ஸம்மா அன்றைக்கு இரண்டு தட்டு சூப்புக் குடித்தாள்.

அறுபத்திரண்டாம் வருடம் பிறந்தபோது மிஸ்ஸம்மா சொந்த ஊருக்கே திரும்பிவிடுவதென்று முடிவு செய்தாள். பங்களாவை விற்றாகிவிட்டது. மே மாதக் கடைசியில் கப்பல். புஷ்பமேரிக்கு வேலையும் அதோடு முடிந்தது, தோட்டத்து ஓரத்தில் இருந்த அறையும் அதோடு முடிந்தது. கல்யாணம் ஆகி ஆறே மாதத்தில் புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள் அவள். போக்கிடம் என்று இருந்தது வத்தலக்குண்டில் தம்பி ஞானமுத்துவின் வீடு ஒன்றுதான்.

தம்பி நல்லவன். 'அக்கா, வந்துரு, கஞ்சியோ கூழோ பகிர்ந்து குடிப்போம்' என்று எழுதியிருந்தான். ஆனால் அங்கே ஐந்து பிள்ளைகள், அடிக்கடி படுத்துக்கொள்ளும் தம்பி பெண்டாட்டி. நல்லவன் வீட்டிலும் அடுப்பு ஒன்றுதான். அதன் முன்னால் யார் உட்காருவது என்பதற்கு அங்கே ஏற்கெனவே பதில் தயாராக இருந்தது. இருபத்துநான்கு வருடம் அடுத்தவர் வீட்டுத் தரையைத் தேய்த்தாயிற்று. இனிமேல் செத்துப்போகிறவரைக்கும் தம்பி வீட்டு அடுப்பை ஊதுவதா?

கொடைக்கானலுக்குப் பக்கத்திலேயே, அட்டுவம்பட்டியில், உருளைக்கிழங்கு போட்டு வைத்திருந்த ஒரு கொட்டகை காலியாக இருந்தது. ஒரு அறை, ஒரு அடுப்பு, கதவுக்கு நல்ல பூட்டு. வருகிறாயானால் ஜூன் முதல் தேதிக்குள் வந்துவிடு, இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு விடுகிறேன் என்றார் சொந்தக்காரர். அந்தப் பூட்டின் சாவியை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தாள் புஷ்பமேரி. தன் வாழ்நாளில் தனக்கென்று ஒரு சாவி இருந்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பாலிஷ் செய்து விற்றுப் பிழைக்க முடியுமானால் அந்தச் சாவி அவளுடையது. முடியாவிட்டால் வத்தலக்குண்டு.

தை பிறந்த கையோடு மிஸ்ஸம்மா மேஜை நாற்காலிகளை விற்க ஆரம்பித்தாள். அவற்றைப் பார்க்கப் பழனியிலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். பெயர் விசாலாட்சி. அடிவாரத்தில் யாத்திரைக்காரர்கள் தங்குவதற்கு அவளும் அவள் வீட்டுக்காரரும் புதிதாக விடுதி கட்டியிருந்தார்கள். வீட்டுக்காரர் பெயர் விடுதிப் பலகையில் இருந்தது. குரல் விசாலாட்சியுடையது.

வராந்தாவைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். "ஏம்மா, தண்ணி கொட்டிக் கெடக்கே, தொடைக்கக் கூடாதா? நான் எப்படி வர்றது?"

"தண்ணி இல்லீங்கம்மா. பாலிஷு. நாந்தான் செஞ்சேன்" என்றாள் புஷ்பமேரி.

விசாலாட்சி செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை வைத்தாள். "ஆத்தாடி!" என்று உடனே தூக்கிக்கொண்டாள். தரை அவ்வளவு குளிர்ச்சி. புஷ்பமேரி ஓடிப்போய் ஒரு ஜோடிச் செருப்புக் கொண்டு வந்தாள்.

"வீட்டுக்குள்ள செருப்பா? நல்லாயிருக்கு நியாயம்! எங்க ஊர்ல சாமி கும்பிட வர்றவன் மலை முச்சூடும் வெறுங்கால்ல ஏறுவான், தெரியுமா?" என்று விசாலாட்சி குதிகாலைத் தூக்கிக்கொண்டே நாற்காலி வரைக்கும் போனாள். கையால் தடவிப் பார்த்தாள், விரலை மோந்து பார்த்தாள். நாற்காலி வாங்க வந்தவள் பாலிஷுக்குத்தான் அதிக நேரம் பேரம் பேசினாள். பங்குனி உத்திரத்துக்கு விடுதியைத் திறக்கிறார்கள். புதுச் சிவப்புத் தரைக்கு ஆறு டப்பா வேண்டும். பக்கத்து மூன்று விடுதிகளும் அவள் சொந்தக்காரர்களுடையவைதான், நன்றாக இருந்தால் அவர்களையும் மாதா மாதம் வாங்கச் சொல்வாள். புஷ்பமேரிக்குச் சாவி கையில் விழுந்த மாதிரியே இருந்தது.

அந்த ஆறு டப்பாவும் மாசியில் காய்கறி லாரியில் இறங்கின. உத்திரம் முடிந்து மூன்றாம் நாள், இன்னும் பன்னிரண்டு டப்பாவைச் சாக்கில் கட்டிக்கொண்டு புஷ்பமேரியே புறப்பட்டாள். வெள்ளனே கிளம்பி, வத்தலக்குண்டு, திண்டுக்கல் என்று பஸ் மாறிப் பழனி அடிவாரத்தில் இறங்கியபோது பதினொரு மணி வெயில். கம்பளி ரவிக்கைக்குள் வேர்வை ஆறாக ஓடியது.

விடுதி வாசலிலேயே விசாலாட்சியின் குரல் கேட்டது.

"வேலப்பா, நீ போட்டது தரையா, பலாப்பழமாடா? மொட்டை போட்டுட்டு வந்தவுக முடியெல்லாம் உன் தரையிலதான் ஒட்டிக் கெடக்கு. முருகனுக்குக் குடுத்த முடி எனக்கு எதுக்கு? ஒரு பெரியவரு பாய்போட்டுப் படுத்தாரு. எந்திரிக்கும்போது பாயைத் தரையிலருந்து உரிக்க ரெண்டு ஆள் வேண்டியிருந்துச்சு!"

தலையைக் குனிந்துகொண்டு நின்ற ஆள் கொத்தனார் வேலப்பன். நாற்பது வயது இருக்கும். சுண்ணாம்பும் சிமெண்டும் தின்ற விரல்கள். "சிமெண்டு இளகாதுங்கம்மா. இளகுறது வேற என்னமோ" என்று மெதுவாகச் சொன்னான்.

"வேற என்ன? பாலிஷா? கொடைக்கானல்ல என் ரெண்டு கண்ணால பாத்துட்டுத்தான் வாங்கினேன். அந்த வீட்டுல ஒட்டாதது இங்க ஒட்டுதுன்னா கோளாறு எங்க இருக்கு? நீயே சொல்லு" என்றவள் புஷ்பமேரியைப் பார்த்துவிட்டாள். "வாம்மா மேரி! பாரு, உன் தங்கமான பாலிஷை இந்தப் பாவி போட்ட தரையில பூசி வீணாக்கிட்டேன்."

தர்க்கம் என்னவோ சரியாகத்தான் இருந்தது. தர்க்கத்தில் வெயிலைச் சேர்க்கத்தான் எல்லாரும் மறந்துபோனார்கள்.

எல்லாரும் செருப்பை வெளியே விட்டிருந்தார்கள். புஷ்பமேரியும் செருப்பைக் கழற்றினாள், காலுறையையும் கழற்றினாள். வெளுத்துப்போய், வேறு யாருடையதோ போல இருந்த பாதத்தைக் கூடத்துக்குள் வைத்தாள். தரை சுட்டது. அடுத்த அடிக்குக் காலைத் தூக்கினபோது, தரை அதை விட மனமில்லாமல் விட்டது. திரும்பிப் பார்த்தாள். ஐந்து விரலும் குதிகாலுமாக அவளுடைய கால் அச்சு அப்படியே பதிந்திருந்தது. அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான கால்கள், பெரியது, சிறியது, திருநீறும் சந்தனமும் அப்பினது. உத்திரத்துக்கு வந்த கூட்டம் மொத்தமும் இன்னும் கூடத்திலேயே நிற்கிற மாதிரி இருந்தது.

சாக்கை ஓரமாக இறக்கி, ஒரு டப்பாவைத் திறந்தாள். காலையில் வெண்ணெயாகக் கட்டியது இப்போது கூழாகியிருந்தது. கூழின் மேலே விரற்கடை உயரத்துக்குத் தெளிவாக எண்ணெய் மிதந்தது. அவள் டக்கென்று மூடிவிட்டாள். அவளுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. கால் மணி நேரத்துக்கு முன்னால் யாராவது கேட்டிருந்தால்கூட, 'ஆமாம், கீழே தேங்காயெண்ணெய் தண்ணியாத்தான் இருக்கும்' என்று அவளே சொல்லியிருப்பாள். தம்பி வீட்டில் எத்தனை தடவை புட்டியிலிருந்து ஊற்றியிருக்கிறாள்! தெரிந்த விஷயம்தான். தெரிந்தது தலையின் ஒரு மூலையில் கிடந்தது, பாலிஷ் இன்னொரு மூலையில் கிடந்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதே இல்லை.

வேலப்பன் பக்கத்தில் வந்து குந்தினான். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. இதுல என்னென்ன போடுறீங்க?"

"தேன்மெழுகு. டர்பன்டைன். தைலம் நாலு சொட்டு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்றாள் புஷ்பமேரி.

அவன் அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தான். பிறகு எழுந்து போய்விட்டான். தவக்காலம் அது. வெள்ளிக்கிழமை தோறும் ஒருபொழுது இருப்பவள் அவள். பொய் இவ்வளவு லேசாகவா வாயில் வரும் என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது.

விசாலாட்சி அவளை உட்காரவைத்து இலை போட்டாள். "நல்லாச் சாப்பிடு. சாயங்காலம் மூணு விடுதிக்காரங்களும் உன்னைப் பாக்க வர்றாங்க. அவங்க தரையெல்லாம் பழைய ஆளு போட்டது, ஒண்ணும் பயமில்லை. வேலப்பனுக்குப் பேசி வச்சிருந்த ரெண்டு வீட்டு வேலையையும் நிறுத்திட்டேன். இந்தத் தரையையும் பேத்து, அவன் செலவுலயே புதுசாப் போட்டுத் தரணும்னு சொல்லிட்டேன். பாவம்தான், புள்ளைகுட்டிக்காரன். அதுக்காக?"

புஷ்பமேரி பருப்பையும் சோற்றையும் பிசைந்துகொண்டே இருந்தாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது, பழி வெயிலில் நின்றுகொண்டிருந்தது. ஒரு வார்த்தையும் சொல்லாமல் போய்விட்டால் என்ன? அடுத்த தடவை எண்ணெய் போடாமல் செய்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? தரை போட்டவன் இன்னொரு தரை போடுவான். அவளுக்கு ஜூன் முதல் தேதி ஒன்றுதான் இருக்கிறது. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும். இப்படியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்ல அந்தச் சாவி எங்கோ ஏரிக்குள் விழுந்து, கீழே கீழே போவதுபோல இருந்தது.

அப்போதுதான் கூடத்தில் 'ணங்' என்று ஒரு சத்தம்.

வேலப்பன் கடப்பாரையோடு மூலையில் நின்றிருந்தான். தான் பூச்சுக்கரணை பிடித்து, இரண்டு நாள் குனிந்து குனிந்து இழைத்த தரையில் முதல் குத்துப் போட்டுவிட்டான். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்து துள்ளியது. அவன் முகத்தில் கோபமே இல்லை. பெற்றவன் கையாலேயே பிள்ளையை அடிக்கச் சொன்னால் எப்படி இருப்பானோ அப்படி இருந்தான். கடப்பாரை மறுபடி உயர்ந்தது.

"நிறுத்துங்க!" எச்சில் கையோடு புஷ்பமேரி ஓடினாள். தரை ஒவ்வோர் அடிக்கும் அவள் காலைப் பிடித்து இழுத்தது. "குத்தாதீங்க! தரைமேல குத்தமில்ல. பாலிஷ்ல தேங்காயெண்ணெய் போட்டிருக்கேன். எங்க ஊர்ல அது கட்டியாவே கெடக்கும். இங்க உருகும்னு நான் நெனக்கல. அப்பவே கேட்டாரு, நாந்தான் பொய் சொன்னேன்."

சாக்கை அவிழ்த்து டப்பாவைத் திறந்து காட்டினாள். எண்ணெய் ததும்பித் தரையில் கொட்டியது. விசாலாட்சி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சத்தம் போடாமல் இருந்ததை அந்த விடுதி அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கண்டது.

"நான் ஊரைக் கூட்டி இந்த மனுசனை ஏசியிருக்கேன். நீ என் இலையில உக்காந்து தின்னுக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்திருக்க" என்றாள் கடைசியில். "டப்பாவையெல்லாம் கட்டிக்கிட்டுப் போயிரு. மூணு விடுதிக்காரங்களை நான் வரவேண்டாம்னு சொல்லிடுறேன்."

புஷ்பமேரி அழவில்லை. "போறேங்கம்மா. இதைக் கழுவிக் குடுத்துட்டுப் போறேன்."

சோடா உப்புப் போடலாமா, சாம்பல் போடலாமா என்று அவள் யோசித்தபோது வேலப்பன் தொண்டையைச் செருமினான். "எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சா என்ன போடுவோம்? சீயக்காதான்." சொல்லிவிட்டு அவனே உள்ளே போய் ஒரு படி சீயக்காய்த்தூள் வாங்கி வந்தான். தரைக்கும் எண்ணெய்க் குளியல்தானே நடந்திருக்கிறது! வெந்நீரில் கரைத்து ஊற்றி, தேங்காய் நாரால் அவன் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகத் தேய்த்தார்கள். முடியும் சந்தனமும் காலடிகளும் நுரையோடு போயின. கீழே இருந்து வேலப்பனின் தரை வெளியே வந்தது. கொஞ்சமும் பிசகில்லாத, நல்ல குங்குமச் சிவப்புத் தரை. மூலையில் மட்டும் அந்தப் பள்ளம்.

"என்னை மன்னிச்சிருங்க. மொதல்லயே கேட்டீங்க" என்றாள் அவள்.

"தெரியும்க்கா. மோந்து பாத்தேன், தைலத்துக்கு அடியில தேங்காயெண்ணெய் வாசம் வந்துச்சு."

"அப்ப ஏன் அவங்ககிட்டச் சொல்லல?"

"நான் சொன்னா தப்பிக்கச் சொல்றேம்பாங்க. நீங்க சொன்னாத்தான் எடுபடும்." கொஞ்சம் தேய்த்துவிட்டுத் தொடர்ந்தான். "நானும் சிவப்புத் தரைக்குத் தேங்காயெண்ணெய் தடவுறவன்தான். துணியில ஒரு துளி விட்டு இழுத்தா தரை குடிச்சிரும். நீங்க அதை மெழுகுல கட்டிப் போட்டுட்டீங்க. உள்ள போகவும் வழியில்ல, வெளிய போகவும் வழியில்ல."

பொழுது சாய விசாலாட்சி தூபக்காலோடு வந்தாள். யாரையும் பார்க்காமல் வீடு முழுக்கப் புகை காட்டினாள். அவள் தட்டிலிருந்து ஒரு துண்டுக் குங்கிலியம் உருண்டு வாசற்படியில் விழுந்தது. நாள் முழுக்க வெயில் குடித்த படிக்கல். புஷ்பமேரி அந்தத் துண்டை எடுத்தாள். கல் சுட்டது, குங்கிலியம் இளகவில்லை. விரலில் ஒட்டவுமில்லை. மரத்துப் பிசின்தான் இது, ஆனால் கண்ணாடி மாதிரி இறுக்கமாக இருந்தது.

"இது டர்பன்டைன்ல கரையுமா?" என்று வேலப்பனைக் கேட்டாள்.

"வார்னிஷ் காய்ச்சுறவங்க அதுலதான் கரைப்பாங்க." அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு பெயர்ந்து கிடந்த தரைச் சில்லைத் துடைத்து அவள் கையில் கொடுத்தான். "இதையும் எடுத்துக்கிட்டுப் போங்க. செஞ்சு பாக்க ஒரு தரை வேணுமில்ல?"

திரும்பும் வழியில் வத்தலக்குண்டில் தம்பி வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் மலைக்குப் பஸ் ஏறினாள். பஸ் ஸ்டாண்டுக்கு வந்த ஞானமுத்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்லக்கா? உனக்கு எதுக்கு அந்தச் சோலி?" என்றான். பஸ் வளைவுகளில் ஏற ஏறக் குளிர் வந்தது, காலுறை போட்டுக்கொண்டாள். சும்மா இருந்திருந்தால் அட்டுவம்பட்டி அறை கிடைத்திருக்கும். ஆனால் அதற்குள் உட்கார்ந்து பூட்டின பிறகு அந்த 'ணங்' சத்தம் வெளியே நிற்குமா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. அதற்காகச் சந்தோஷமாக இருந்தாள் என்றும் சொல்ல முடியாது. கையில் இருந்ததைப் போட்டு உடைத்தவளுக்கு என்ன சந்தோஷம்?

பங்குனியின் மிச்ச நாளெல்லாம் அவள் எண்ணெய்க்குப் பதில் குங்கிலியத்தைக் கரைத்து, மிஸ்ஸம்மாவின் சமையலறையில் அந்தச் சில்லோடு மல்லுக்கட்டினாள். பழனி வெயிலுக்குக் கொடைக்கானலில் எங்கே போவது? ஒரு கிண்ணத்தில் தேங்காயெண்ணெயைப் போட்டு அடுப்பு மேடை ஓரத்தில் வைப்பாள், பக்கத்தில் பாலிஷ் பூசின சில்லை வைப்பாள். எண்ணெய் உருகித் தண்ணீராக ஓடும்போது அது பழனி. அப்போது காலுறையைக் கழற்றி, கட்டைவிரலைச் சில்லின்மேல் அழுத்திப் பார்ப்பாள். அச்சு விழுந்தால் தோல்வி. குங்கிலியம் குறைந்தால் ஒட்டியது. கூடினால் பொருக்குத் தட்டி உதிர்ந்தது. மிஸ்ஸம்மா ஒருநாள் உள்ளே எட்டிப் பார்த்தாள். முக்காலியில் உட்கார்ந்து அடுப்பு மேடைமேல் காலைத் தூக்கிப் போட்டிருந்த வேலைக்காரியைப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள். ஒன்பதாவது தடவை அச்சு விழவில்லை. புஷ்பமேரி சிலுவை போட்டுக்கொண்டு, ஒரு சின்ன டப்பாவை நிரப்பி, காய்கறி லாரியில் வேலப்பன் பேருக்கு அனுப்பினாள்.

பதில் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், நாலு வாரம். கீழே அக்கினி நட்சத்திரம், மேலே சீசன் கூட்டம். மிஸ்ஸம்மாவின் பெட்டிகள் ஒவ்வொன்றாக இறங்கிப் போயின. அட்டுவம்பட்டிக்காரர் ஆள் விட்டுக் கேட்டார், அவளால் உறுதி சொல்ல முடியவில்லை. மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஞானமுத்து கயிற்றோடு வந்து சேர்ந்தான். இருபத்துநான்கு வருடம் ஒரு தகரப் பெட்டிக்குள் அடங்கிவிட்டது. அவன் கட்டுவதைப் பார்க்கப் பிடிக்காமல் அவள் அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.

வாசலில் அந்தக் குரல் கேட்டது. "மேரி! ஏ மேரி! அடுப்பு எரியுதா?"

விசாலாட்சி வராந்தாவில் நின்றிருந்தாள். தலை விரிந்து கிடந்தது. காலில் செருப்பு, அதைக் கழற்றவே இல்லை. கையில் ஒரு எண்ணெய்ப் புட்டி.

"சீசனுக்குக் குடும்பத்தோட வந்து ரெண்டு நாளாச்சு. இன்னைக்குத் தலைவாரலாம்னு உக்காந்தேன். புட்டியைக் கவுத்தேன், ஒரு சொட்டு விழல. தட்டினேன், குலுக்கினேன். ஊர்லருந்து கொண்டாந்த எண்ணெய்தான், அங்க நல்லாத்தானே இருந்துச்சுன்னு, வித்த கடைக்காரனை இங்கருந்தே ஏசப் போனேன். அப்பத்தான் உன் நெனப்பு வந்துச்சு." அவள் புட்டியைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினாள். எண்ணெய் அசையவில்லை. "எனக்கும் தெரியும்ல, குளிருக்கு எண்ணெய் உறையும்னு? மார்கழியில எங்க ஊர்லயே லேசா உறையும். தெரிஞ்சும் திட்டப் போனேன் பாரு."

புஷ்பமேரி புட்டியை வாங்கி அடுப்போரம் வைத்தாள். இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஓரத்தில் ஒரு கோடு தெளிந்தது.

"வேலப்பன் என்கிட்டச் சொல்லாமலே அந்த உடைஞ்ச மூலையை அடைச்சு, உன் புது டப்பாவை அங்க பூசியிருக்கான்" என்றாள் விசாலாட்சி. குரல் பாதியாக இறங்கியிருந்தது. "சித்திரைப் பவுர்ணமிக் கூட்டமும் போச்சு, கத்திரி வெயிலும் கொளுத்துது. அந்த மூலையில ஒரு காலடி விழல. வர்றவன் போறவனெல்லாம் அங்க நின்னு மொகம் பாக்குறான். மிச்சத் தரை அதுக்குப் பக்கத்துல பல்லிளிக்குது. மூணு விடுதிக்காரங்களும் என்னைப் பிடுங்கித் திங்குறாங்க. எனக்கு மொதல்ல வேணும், வெரசா வேணும். அப்புறமாத்தான் அவங்களுக்கு."

"வேலப்பன் ஒரு வரி எழுதியிருக்கலாமே, நான் செத்துப் பொழைச்சேன்."

"அவனுக்கு எங்க எழுத நேரம்? நிறுத்தின ரெண்டு வீட்டையும் சேத்து நாலு வீட்டுத் தரை போட்டுக்கிட்டிருக்கான். நானே போய்க் கூட்டியாந்து விட்டேன்."

புஷ்பமேரி அப்போதுதான் அழுதாள். பழனியில் வராத அழுகை, முந்தானையை வாயில் வைத்து அடக்கியும் அடங்காமல் வந்தது. விசாலாட்சி அவளைத் தேற்றவில்லை. உருகின எண்ணெயைக் கையில் ஊற்றித் தன் தலையில் தேய்த்துக்கொண்டே, அவள் அழுது முடிக்கட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

விசாலாட்சி போனபிறகு ஞானமுத்து உள்ளே வந்தான். பேசினதில் பாதிதான் அவன் காதில் விழுந்திருந்தது. "பெட்டியைக் கட்டியாச்சுக்கா. வத்தலக்குண்டு பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு."

"பஸ் எதுக்குலே?" புஷ்பமேரி முகத்தைத் துடைத்துக்கொண்டு, தரைச் சில்லைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "பெட்டியத் தூக்கு. அட்டுவம்பட்டிக்கு நடந்தே போயிரலாம்."